பச்சைக்கு இருபதரை வண்டி

சத்தியம்! என் மேல்வரிசையில் மிச்சமிருக்கிற மூன்று பல்லின்மேல் சத்தியம், என் பென்ஷன் புத்தகத்தின்மேல் சத்தியம், முப்பத்தோரு வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக நின்று எந்த பஸ் எத்தனை நிமிஷம் லேட் என்று எழுதிய இந்த வலது கையின்மேல் சத்தியம், இனி நான் சொல்லப்போவதில் ஒரு வார்த்தைகூட கூடுதல் கிடையாது. குறைச்சல் வேண்டுமானால் இருக்கும், ஏனென்றால் முழுசையும் சொன்னால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். போன வாரம் இப்படித்தான் ஒருத்தரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், பாதியில் "அப்படியா" என்றார். அந்த "அப்படியா"வுக்குள் ஒரு சிரிப்பு இருந்தது. அவரோடு பேச்சை நிறுத்திவிட்டேன். உங்களுக்கும் அதே கதிதான், சொல்லிவிட்டேன்.

எங்கள் கல்லூரணிப்பட்டியில் தீப்பெட்டியாபீஸ் முக்கு என்று ஒரு நாலு ரோட்டு முக்கு இருக்கிறது. தீப்பெட்டியாபீஸை இழுத்து மூடி இருபது வருஷம் ஆகிறது. முக்கை மூடத்தான் யாராலும் முடியவில்லை. வடக்கே போனால் தாலுகா ஆபீஸ், கிழக்கே பஸ் ஸ்டாண்டு, மேற்கே நூல் மில், தெற்கே ரயில்வே கேட். ஜனத்தில் பாதி தெற்கே குடியிருக்கிறது, ஜனத்துக்கு வேலையெல்லாம் வடக்கே இருக்கிறது, ஆகையால் காலை எட்டு மணிக்கு மேல் தெற்கு ரோட்டில் நிற்கிற வண்டி வரிசை ரேஷன் கடையைத் தாண்டி, மாவு மில்லைத் தாண்டி, கேட்டையும் தாண்டி அந்தப்பக்கம் கல்யாண மண்டபத்து வாசலில் போய் முடியும். புதுசாக ஊருக்கு வந்தவர்கள் ஏதோ பெரிய இடத்துக் கல்யாணம் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். சுற்றிப் போகலாமே என்பீர்கள். போங்கள், யார் வேண்டாம் என்றது? பதினெட்டு கிலோமீட்டர், நடுவில் ஓடைப்பாலம் மூன்று வருஷமாக உடைந்து கிடக்கிறது.

இந்த முக்கு மணிக்கு எத்தனை வண்டியைத் தாங்கும் என்று கண்டுபிடிக்க ஒரு இன்ஜினியர் வந்தார். பெயர் எபனேசர். இஸ்திரி மடிப்பில் கை வைத்தால் அறுத்துவிடும் போல ஒரு சட்டை, பையில் மூன்று நிறத்தில் பேனா. டைம்கீப்பர் உத்தியோகம் பார்த்தவன், கோடு போட்டு எண்ணுகிற கை என்று யாரோ சொல்லி, தெற்கு ரோட்டை எண்ணுகிற வேலைக்கு என்னைக் கூப்பிட்டார்.

"பெரியவரே, ஒரு மணிநேரம் முழுக்கப் பச்சையே எரியுதுன்னு வச்சுக்குவோம். வரிசை அறாம வண்டி போய்க்கிட்டே இருக்கு. எத்தனை போகும்? அதான் இந்த ரோட்டோட முழுத் தெம்பு. ஆனா நமக்கு ரெண்டு நிமிஷத்துக்கு ஒருவாட்டி, முப்பது செகண்டுதான் பச்சை. அந்தப் பங்கைப் போட்டுப் பெருக்குனா கொள்ளளவு வந்துரும்."

"பச்சை விழும்போது முன்னால நிக்கிறவன் தூங்கிக்கிட்டு இருந்தா?"

"அதுக்கும் ரெண்டு செகண்டு கழிச்சிருக்கோம்."

"ரெண்டு செகண்டுல முழிக்கிற ஆளை இந்த ஊர்ல நான் பாத்ததில்ல சார்."

அவர் சிரிக்கவில்லை. ஒரு படிவத்தைக் கையில் கொடுத்தார். எங்கேயோ அச்சடித்து வந்த படிவம். கார் என்றால் ஒரு யூனிட், ஆட்டோ ஒன்று, பைக்கும் சைக்கிளும் அரை, பஸ் மூன்று, லாரி மூன்று, மாட்டுவண்டி எட்டு. அவ்வளவுதான் உலகம். நடந்து போகிறவனுக்கு அதில் இடமே கிடையாது. அவனை வண்டியாகவும் சேர்க்கவில்லை, மனுஷனாகவும் சேர்க்கவில்லை. பின்னால் நடந்ததில் அவன் ஒருத்தன்தான் தப்பித்தான், அதுவும் இதனால்தான்.

எண்ணுகிற நாள் வந்தது. காலை எட்டு மணிக்கு வெள்ளைக்கோட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. நாலு கோடு, குறுக்கே ஒரு கோடு. எட்டு இருபத்தைந்துக்கு சந்தனமாரி வந்தாள். சின்ன வயசில் போலியோ வந்து இரண்டு காலும் சூம்பினவள், பின்பக்கம் இரண்டு சைடு வீல் பூட்டின ஸ்கூட்டரில் ராணி மாதிரி வருவாள், தாலுகா ஆபீஸுக்கு எதிரே நகராட்சி அவளுக்கு ஒதுக்கிய பெட்டிக்கடையில் ஜெராக்ஸ் மிஷின் வைத்திருக்கிறாள். அவள் மிஷின் சூடாகாமல் எங்கள் தாலுகாவில் ஒரு பட்டா மாறாது.

"என்ன பெரியப்பா, ரோட்டுக்கே அட்டெண்டன்ஸ் எடுக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே கோட்டைத் தாண்டிப் போனாள்.

சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தேன். எடுத்த பேனா அப்படியே நின்றது. எந்த வரிசையில் போட? இருசக்கரம் என்றால் நாலு சக்கரம் இருக்கிறது. நாலு சக்கரம் என்றால் காரா அது? அப்புறம் எபனேசரிடம் கேட்டுப் போடலாம் என்று விட்டேன். அந்த அப்புறம் வரவேயில்லை.

எட்டரைக்கு கூட்ஸ் வண்டிக்காக கேட்டை அடைத்தார்கள். அடுத்த கால் மணிநேரத்துக்கு ரோட்டில் ஈயாடவில்லை. வந்த நாலைந்து வண்டிக்குக் கோடு போட்டேன். எட்டே முக்காலுக்கு என் முழங்கால் என்னைத் திட்ட ஆரம்பித்தது. எதிரே ராசாமணி டீக்கடை. எண்ணுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு, வெளியே சொல்லமாட்டோம், உங்களிடம் சொல்கிறேன்: போன கால் மணியின் கோடுகளை அப்படியே அடுத்த கால் மணிக்கு இறக்கி, பார்க்கிறவர் கண்ணை உறுத்தாமல் இங்கே ஒன்று கூட்டி அங்கே இரண்டு குறைத்துவிட்டால் வேலை முடிந்தது. பத்து மணி வரைக்கும் டீக்கடை பெஞ்சில் இருந்தபடி, கேட் அடைத்திருந்த கால் மணியை ஐந்து தடவை இறக்கினேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தெற்கு ரோட்டின் கொள்ளளவு மணிக்கு அறுநூற்றுப் பதினைந்து யூனிட் என்று எபனேசர் மூன்று நிறத்திலும் எழுதினார், மேலே போய் முத்திரை விழுந்து வந்தது.

முத்திரை விழுந்த மறுநாள் காலையிலிருந்து தெற்கு ரோட்டில் மணிக்கு அறுநூற்றுப் பதினைந்து யூனிட்தான் போனது.

மணிக்கு முப்பது பச்சை. ஒரு பச்சைக்கு இருபதரை. இருபது காரும் ஒரு பைக்கும் போனால், அடுத்து நிற்கிற உரக்கடைக்காரரின் கார் போகாது. இஞ்சின் உறுமும், கியர் விழும், சக்கரம் சுற்றும், ரோடு மட்டும் பின்னால் போகாது. சக்கரம் சுற்றிக்கொண்டேயிருக்க, கார் நின்ற இடத்தில் நின்றபடி பக்கத்து மாவு மில்லின் போர்டையே பார்த்துக்கொண்டிருக்கும். யாரும் வாயைப் பிளக்கவில்லை. எங்கள் ஊர்க்காரர்களுக்கு வாயைப் பிளக்க நேரம் கிடையாது. கிளட்ச் போய்விட்டது என்றார்கள். மூன்று நாளில் மெக்கானிக் ஜமால் பாய் பதினேழு வண்டிக்கு கிளட்ச் பிளேட் மாற்றி, பதினெட்டாவது வண்டியைக் கழற்றும்போதுதான் "என்னப்பா, எல்லாம் நல்லாத்தானே இருக்கு" என்று தலையைச் சொறிந்தார். டீக்கடை ராசாமணிதான் விஷயத்தைக் கண்டுபிடித்தார். வடைவிலை எழுதுகிற கரும்பலகையை அழித்துவிட்டு ஒவ்வொரு பச்சைக்கும் யூனிட் போட்டுக் கூட்டிப் பார்த்தார். இருபதரை. இருபதரை. இருபதரை. மாலைவரை இருபதரை.

"அண்ணாச்சி, நீங்க எண்ணுன கணக்கு பலிச்சுட்டுது" என்றார் என்னிடம். அந்த ஆள் அன்றைக்கு எனக்கு எத்தனை டீ ஊற்றினார் என்பது அவருக்கு ஞாபகமில்லை. அந்த மட்டுக்கும் நான் பிழைத்தேன்.

மற்ற மூன்று ரோட்டிலும் ஒரு தொந்தரவும் இல்லை. அங்கே எண்ணியவர்கள் வெயிலிலேயே நின்று எண்ணியிருக்கிறார்கள், மடையர்கள்.

அப்புறம் ஊர் அதற்குப் பழகின அழகைக் கேளுங்கள், கேட்டால் உங்களுக்கும் என்னைப்போலத் தலை வலிக்கும். ஏன் இப்படி என்று ஒரு ஆள் கேட்கவில்லை. யார் முதலில் போவது என்றுதான் கேட்டார்கள். பைக்குக்காரன் ஜோடி தேடினான், அரையும் அரையும் சேர்ந்தால்தான் ஒன்றாகும் என்று முன்பின் தெரியாதவனோடு கைகுலுக்கி ஒட்டிக்கொண்டு நின்றான். காரில் தனியாக வந்தவனைக் கோவிலில் செருப்போடு நுழைந்தவனைப்போலப் பார்த்தார்கள். மூன்று யூனிட் தின்கிறது என்று பஸ்ஸைத் திட்டினார்கள், பஸ்ஸுக்குள்ளிருந்து "அறுபது பேருக்கு மூணு, நீ ஒருத்தன் ஒண்ணு, கணக்குத் தெரியுமாவே உனக்கு?" என்று ஜன்னல் ஜன்னலாகப் பதில் வந்தது. சண்டையில் கெட்டவார்த்தை குறைந்து யூனிட் கூடியது: "போலே, அரை யூனிட்டு!" என்றால் அன்றைக்கு அவன் சோறு தின்னமாட்டான். பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை எத்தனை யூனிட் என்று விசாரித்தார்கள். ஆரன் அடிக்கிறதை விட்டுவிட்டார்கள், அடித்து என்ன ஆகப்போகிறது? சிக்னலை மீறுகிறவனும் இல்லை; மீறினால் மீறின இடத்திலேயே சக்கரம் சுற்றிக்கொண்டு நிற்க வேண்டியது, டிராபிக் போலீஸ்காரர் நிதானமாக டீ குடித்துவிட்டு வந்து பிடித்துக்கொள்வார்.

எல்லாரையும்விட உயர்ந்தவன் ஊர்க்காவலன். தண்ணீர் பீப்பாய் ஏற்றுகிற மாட்டுவண்டிக்காரன், அதுவரைக்கும் அவனை யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. "காலையில மட்டும் வராதப்பா, நீ ஒருத்தன் போனா பதினாறு பைக் நிக்குது" என்று ஒரு பத்துப் பேர் போய்க் கேட்டார்கள். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "என் மாடு ரெண்டும் சேர்ந்து எட்டுன்னு சர்க்காரே எழுதியிருக்கு. மரியாதையாப் பேசுங்க" என்றான். அதன்பிறகு கொம்புக்கு மஞ்சள் பூசி, சரியாக எட்டரைக்குத்தான் வருவான்.

மனு கொடுத்தோம். மறுபடி எண்ணுங்கள் என்று நூற்றிருபது பேர் கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன், போடாமல் இருந்தால் சந்தேகப்படுவார்கள். பதில் வந்தது: மதிப்பீட்டுக்கும் களத்துக்கும் வித்தியாசம் இருந்தால் மட்டுமே மறு கணக்கெடுப்பு, இங்கே வித்தியாசம் அரை யூனிட்கூட இல்லை, இப்படி ஒரு துல்லியமான அறிக்கை இதுவரை வந்ததே இல்லை. எபனேசருக்குக் கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள். ஐயா, எனக்கு வந்த எரிச்சலில் நான் அந்தக் கண்ணாடியைத் தின்றிருப்பேன், பல் மூன்றுதான் இருக்கிறது என்று விட்டேன்.

இதெல்லாம் காத்திருந்தாவது போகிறவர்கள் பாடு. சந்தனமாரி போகவே முடியவில்லை. படிவத்தில் அவள் வண்டிக்கு வரிசை இல்லை, ஆகவே எந்தப் பச்சையிலும் அவளுக்குப் பங்கு இல்லை. முதல் ஆளாக வந்து நின்றாலும் வெள்ளைக்கோட்டில் முன்சக்கரம் பட்டதும் ஸ்கூட்டர் நின்றுவிடும். நாலு பேர் தூக்கிப் பார்த்தார்கள், கோட்டுக்கு மேலே வந்ததும் ஆட்டுக்கல்லாகக் கனத்தது. குட்டியானை மினிலாரியில் ஏற்றிப் பார்த்தார்கள், குட்டியானையும் சேர்ந்து நின்றது. ஸ்கூட்டரை விட்டுவிட்டு ஆட்டோவில் போகச் சொன்னார்கள். இரண்டு நாள் போனாள், ஆட்டோ வரிசையில் காத்திருந்து போய்ச் சேர மதியமாகியது, கடை வாசலில் மனுக்காரர்கள் கத்திவிட்டுப் போயிருந்தார்கள். மூன்றாம் நாள், "எனக்கு வண்டி இருக்கு, ஓட்டக் கை இருக்கு, நான் எதுக்கு இன்னொருத்தர் முதுகுக்குப் பின்னால குந்திக்கிட்டுப் போகணும்?" என்று திரும்பிவிட்டாள்.

அப்போதுதான் ஜமால் பாய்க்கு அந்த யோசனை வந்தது. சைடு வீல் இரண்டையும் கழற்றிவிட்டால் அது வெறும் இருசக்கரம், அரை யூனிட், போகும். ஆனால் அவளால் ஓட்ட முடியாது. ஆகையால் இந்தப்பக்கம் சந்தனமாரியை நாற்காலியில் இறக்கி உட்காரவைத்து, வீலைக் கழற்றி, ஜமால் பாய் வெறும் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு கோட்டைத் தாண்ட, இரண்டு பேர் நாற்காலியோடு அவளைத் தூக்கிக்கொண்டு பின்னால் வர, ஒருத்தர் சைடு வீலைத் தலையில் வைத்துக்கொண்டு வர, அந்தப்பக்கம் மறுபடி மாட்டி, மறுபடி உட்காரவைத்து அனுப்பினார்கள். ஒரு நாள் இல்லை, நாற்பது நாள். சாயங்காலம் திரும்புவதில் சிரமமில்லை. வடக்கு ரோட்டை எண்ணியவர் அவளைப் பேசாமல் ஆட்டோ வரிசையில் எழுதிவிட்டாராம், வாய்க்கு வந்ததை எழுதுகிறவர்களால்தான் இந்த உலகம் ஓரளவுக்காவது நடக்கிறது.

ஊருக்கு இதில் பெருமை தாங்கவில்லை. "எங்க ஊர்ல மனுஷத்தன்மை இன்னும் சாகல" என்று நாற்காலி தூக்கினவர்கள் டீக்கடையில் சொல்லிக்கொண்டார்கள். போட்டோ எடுத்தார்கள். முறை போட்டுத் தூக்கினார்கள். கழற்ற, மாட்ட, பச்சைக்குக் காத்திருக்க என்று அவள் கடை திறக்கப் பதினொன்றாகிவிடும், அதை யாரும் பேசவில்லை. ஒருநாள் நாற்காலியில் போகிறவளிடம் ராசாமணி, "ஊரே உன்னைத் தாங்குது பாத்தியா தாயி" என்றார். அவள் கீழே பார்த்துக்கொண்டே, "தாங்க வேண்டாம் அண்ணாச்சி, விட்டாப் போதும்" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு காகிதத்தைக் காட்டினாள். நகராட்சி நோட்டீஸ். கடையைத் தொடர்ந்து தாமதமாகத் திறப்பதாகப் புகார். நாளை திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் தணிக்கை. கடை திறந்திருக்காவிட்டால் ஒதுக்கீடு ரத்து.

"எனக்கு வேற என்ன இருக்கு பெரியப்பா? அந்த ஆறடிக்கு நாலடிதான் இருக்கு" என்றாள்.

என்னமோ தெரியவில்லை, அந்த இடத்தில் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. பேனா நின்றதைச் சொன்னேன். அப்புறம் என்று விட்டதைச் சொன்னேன். கேட்டை, கூட்ஸ் வண்டியை, முழங்காலை, டீக்கடை பெஞ்சை, ஐந்து தடவை இறக்கியதை, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் கத்துவாள் என்று காதைத் தயாராக வைத்துக்கொண்டேன். அவள் நோட்டீஸை மடித்தாள்.

"டீ நல்லா இருந்துச்சா பெரியப்பா?" என்றாள்.

டீ நன்றாகத்தான் இருந்தது.

திங்கட்கிழமை எட்டரைக்கெல்லாம் அவள் முக்குக்கு வந்துவிட்டாள். ஜமால் பாய் ஸ்பானரோடு குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார்.

"தங்கச்சி, போல்ட்ல மறை தேஞ்சுபோச்சும்மா. நாப்பது நாள் கழட்டி மாட்டினது. இனிக் கழட்டுனா மறுபடி மாட்டினாலும் நிக்காது. புதுப் பிராக்கெட்டு அடிக்கணும், ரெண்டு நாள் ஆகும்."

"கழட்ட வேண்டாம் பாய். என்னைத் தினமும் கழட்டி மாட்டினது போதும்" என்றாள். ஸ்கூட்டரை நேராக ஓட்டிக்கொண்டு போய் ரோட்டு நடுவில், வெள்ளைக்கோட்டின்மேல் முன்சக்கரத்தை வைத்து நிறுத்தினாள்.

பச்சை விழுந்தது. அவளைத் தாண்டி இரண்டு பக்கமும் ஒதுங்கிப்போகப் பார்த்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் முட்டிக்கொண்டு நின்றார்கள். "யக்கா, ஓரமா நில்லுக்கா." "ஏம்மா, உனக்கு ஒரு கணக்கும் இல்லைன்னா எங்க கணக்கையும் கெடுக்கியா?" "நாற்காலி எங்கலே? நாற்காலியக் கொண்டா!" ஊர்க்காவலன் வண்டியில் நின்றுகொண்டு, "எட்டு யூனிட்டு நிக்குதுல்ல பின்னால, கண்ணு தெரியல?" என்று கத்தினான். அவள் திரும்பவில்லை. மணி ஒன்பது ஆயிற்று, ஒன்பது இருபது ஆயிற்று.

கெட்டதிலும் ஒரு நல்லது, அன்றைக்குத்தான் துல்லியமான முக்கைப் படம்பிடிக்க வெளியூரிலிருந்து இரண்டு பெரிய ஆபீசர்கள் வருவதாக இருந்தது. அவர்களைக் கூட்டிக்கொண்டு எபனேசர் வந்து இறங்கினார், கக்கத்தில் முத்திரை போட்ட அறிக்கையோடு. இறங்கினவர் முகத்தில் மடிப்பு விழுந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"என்னம்மா இது? வழி விடுங்க!"

"அதுல நான் எங்க இருக்கேன் சார்? காட்டுங்க, வழி விடுறேன்."

ஆபீசர்கள் பார்க்கிறார்கள். வேறு வழியில்லாமல் பிரித்தார். கார், ஆட்டோ, பைக், சைக்கிள், பஸ், லாரி, மாட்டுவண்டி. அவள் விரல் வைத்து மேலிருந்து கீழே வந்தாள்.

"இல்லையே."

"இல்லன்னா எண்ணும்போது நீங்க போகலைன்னு அர்த்தம். போகாத வண்டியை எழுத முடியாதும்மா."

"எழுதாத வண்டி போக முடியாதுங்குதே சார், இந்த ரோடு."

"அதுக்கு நான் என்ன செய்ய? போங்க, எழுதுறேன்."

"எழுதுங்க, போறேன்."

இரண்டு பேரும் இதையே நாலு தடவை சொன்னார்கள். கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்குப் பைத்தியம் பிடித்தது. "ஆட்டோன்னு போட்டு விடுங்க சார்" என்றார் உரக்கடைக்காரர் கும்பிட்டபடி. "நான் ஆட்டோ இல்ல" என்றாள் அவள். மணி ஒன்பது முப்பத்தைந்து.

அப்போது அவள் எபனேசரைக் கேட்டாள்: "எண்ணும்போது நீங்க இங்க நின்னீங்களா சார்?"

"நான் எதுக்கு? எண்ணுனவர் நின்னார்."

"அப்ப அவரைக் கேளுங்க. நான் போனேனா, போகலையான்னு."

எல்லாருடைய தலையும் என் பக்கம் திரும்பியது. டீக்கடை விஷயம் அவள் நாக்கு நுனியில் இருக்கிறது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு மாதமாக வெயிலில் காய்ந்த ஜனம் என்னை அங்கேயே யூனிட் யூனிட்டாகப் பிரித்துவிடும். அவள் சொல்லவில்லை. போனேனா போகலையா, அதை மட்டும்தான் கேட்டாள்.

"போச்சு சார்" என்றேன். "எட்டு இருபத்தஞ்சுக்குப் போச்சு. என்கூடப் பேசிக்கிட்டே போச்சு. எந்த வரிசையில போடன்னு தெரியாம நான்தான் போடாம விட்டுட்டேன்."

கூட்டம் உறுமியது. ஆபீசரில் ஒருத்தர் தொண்டையைச் செருமி, "விடுபட்ட பதிவு என்றால் சேர்க்கலாம்" என்றார். எபனேசர் பேனாவை நீட்டினார். நீட்டினது சிவப்புப் பேனா. சந்தனமாரி அறிக்கையை ஹேண்டில்பாரில் வைத்து, மாட்டுவண்டிக்குக் கீழே கையாலேயே ஒரு வரிசை இழுத்து, 'சைடு வீல் ஸ்கூட்டர்' என்று எழுதினாள். எண்ணிக்கைக் கட்டத்தில் ஒரே ஒரு கோடு போட்டாள். யூனிட் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

"அரை போடு!" என்றான் ஒருத்தன். "நாலு சக்கரம் இருக்கேப்பா, முக்கால்!" "ஒண்ணேகாலுக்குக் குறைஞ்சா ஒத்துக்காத தாயி!" ஊர்க்காவலன் மட்டும், "எட்டுக்கு மேல போகக்கூடாது" என்றான்.

அவள் பேனாவை மூடி எபனேசர் சட்டைப்பையில் செருகினாள்.

"யூனிட் போடலையேம்மா!"

"எனக்குத் தெரியாது சார். உங்களுக்கும் தெரியாது. தெரியாததை நான் எழுதமாட்டேன்."

"அது இல்லாமக் கூட்டுத்தொகை வராது! மொத்தமும் நிக்கும்!"

"ஏற்கெனவே நின்னுக்கிட்டுத்தானே இருக்கோம்" என்றாள். பச்சை விழுந்தது. முறுக்கினாள். முன்சக்கரம் கோட்டைத் தாண்டியது, நடுச்சக்கரம் தாண்டியது, சைடு வீல் இரண்டும் கடகடவென்று தாண்டின, அவள் முதுகு தாலுகா ஆபீஸ் ரோட்டில் சின்னதாகிக்கொண்டே போனது.

அவளுக்குப் பின்னால் ரோடு கொஞ்சநேரம் யோசித்தது. நான் பார்த்தேன்; தார் லேசாகச் சுருங்கி விரிந்தது, கடைசி பெஞ்சுப் பிள்ளைகள் வாய்க்குள் கூட்டிப் பார்க்கும்போது நெற்றி சுருங்குமே, அந்தமாதிரி. இத்தனையோடு எத்தனை என்று தெரியாத ஒன்றைக் கூட்டினால் எத்தனை? ரோட்டுக்கு வரவில்லை. விட்டுவிட்டது. இருபத்தோராவது கார் போனது. இருபத்திரண்டாவது போனது. பதினாறு பைக் ஒன்றாகப் போனது, அரையும் கிடையாது ஜோடியும் கிடையாது; பஸ் போனது, லாரி போனது, சிவப்பு விழுந்த பிறகும் ஒரு ஏழெட்டுப் பேர் போனார்கள், போலீஸ்காரர் டீயைக் கொட்டிவிட்டு ஓடிவந்தார், இரண்டு மாதமாக அடிக்காமல் வைத்திருந்த ஆரனையெல்லாம் ஊரே சேர்ந்து ஒரே மூச்சில் அடித்தது, இரண்டு பேர் உரசிக்கொண்டு இறங்கி யூனிட் கலக்காத சுத்தமான கெட்டவார்த்தையில் திட்டிக்கொண்டார்கள். பழைய சள்ளைதான், பழைய புகைதான். ஊர்க்காவலனுக்கு யாரும் வழிவிடவில்லை. துல்லியமான முக்கைப் படம்பிடிக்க வந்த ஆபீசர்கள் கேமராவைப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு அவள் கடை ஷட்டர் ஏறியது. பத்துக்கு வந்த தணிக்கைக்காரர் கடை திறந்திருப்பதைக் குறித்துக்கொண்டு, வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த தன் ஆதாருக்கு, செல்போனில் இருந்த படத்தைக் காட்டி, அங்கேயே ஒரு நகலும் எடுத்துக்கொண்டு போனாராம்.

மத்தியானம் நான் அங்கே போனேன், பென்ஷனுக்கு நான் உயிரோடிருக்கிற சான்றிதழை ஜெராக்ஸ் எடுக்க. அப்போது எபனேசர் வந்தார். மடிப்பு கலைந்திருந்தது. அறிக்கையைக் கண்ணாடிமேல் வைத்து, கடைசி வரிசைமேல் ஒரு வெள்ளைத்தாள் துண்டை நீவி ஒட்டினார்.

"மூணு நகல். மேல அனுப்பணும், சீக்கிரம்."

அந்த நகல் போய் முத்திரை வாங்கி வந்தால் நாளைக்கு மறுபடி இருபதரை. சந்தனமாரி அந்தத் துண்டை எட்டிப் பார்த்தாள்.

"மிஷின் இருக்கிறதை இருக்கிறபடிதான் எடுக்கும் சார். மறைச்சு எடுக்கணும்னா வேற கடை பாருங்க."

"இங்க வேற கடை இல்லையே!"

"அப்ப மறைக்காதீங்க" என்று பட்டனில் விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவசரப்படுத்தவில்லை, எத்தனை பச்சை வேண்டுமானாலும் போகட்டும் என்கிறமாதிரி உட்கார்ந்திருந்தாள். வாசலில் அடுத்த ஆள், அதற்கடுத்த ஆள் என்று வரிசை நீண்டு ரோட்டுக்கு வந்துவிட்டது. எபனேசர் நகத்தால் துண்டைச் சுரண்டி எடுத்தார். மிஷினின் வெளிச்சம் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மூன்று தடவை போய்வந்தது. மூன்று தாளிலும் அந்த யூனிட் கட்டம் காலியாகவே விழுந்தது.

அவ்வளவுதான். இந்தக் கதையை நீங்கள் பஸ்ஸில் சொல்லுங்கள், கல்யாணப் பந்தியில் சொல்லுங்கள், அந்த முக்கில் மாட்டிக்கொண்டு நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரனிடம் கத்திச் சொல்லுங்கள், எனக்கொன்றும் இல்லை. ஆனால் அந்த டீக்கடை விஷயம் அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரிந்துவிட்டது. யார் சொன்னது என்று எவனாவது கேட்டால், மாட்டுவண்டிக்காரன் ஊர்க்காவலன் சொன்னான் என்று சொல்லித் தொலையுங்கள், அவன் இப்போது வாய் திறப்பதில்லை. என் பெயரை மட்டும் எடுக்காதீர்கள் ஐயா; இந்த முழங்காலை வைத்துக்கொண்டு என்னால் ஓட முடியாது.